பாவாடை கட்டிய காளை

இப்போது மரபணு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு விதை என்று பெயர். உணவு, பயிற்சி, சூழல் என்று பெரியவர்கள் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வதற்கெல்லாம் சேர்த்து எங்களிடம் ஒரே சொல்தான் இருந்தது, தீனி. ஒருவன் வேகமாக ஓடுவது விதையாலா தீனியாலா என்று, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் என் நைனாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். சமீபத்தில் ரேடியோவில் ஒரு டாக்டர், இரண்டும் கலந்துதான் ஓட்டக்காரன் உருவாகிறான், இவ்வளவு இது, இவ்வளவு அது என்று பிரிக்கவே முடியாது என்று மிகுந்த பொறுமையோடு விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அந்தப் பொறுமை அரை நாளில் முடிந்திருக்கும்.

எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கம். நைனா மாட்டு மனிதர். மாடு வைத்திருந்தார் என்பதற்காகச் சொல்லவில்லை, அது எல்லோரும்தான் வைத்திருந்தார்கள். உலகத்தில் உள்ள எதையும் மாட்டை வைத்தே அவரால் புரிந்துகொள்ள முடியும். உறவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், "பையன் பரவால்ல, பின்னங்காலு நல்லா கீது" என்று அவர்கள் காதுபடவே சொன்னவர்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. சந்திரகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலையொட்டி மாடு விரட்டுவார்கள். கொம்பில் பலகை கட்டி விட்டுவிடுவார்கள். ஓடுகிற மாட்டோடு ஓடி அந்தப் பலகையை அவிழ்த்தவன் அன்றைக்கு ராஜா. கல்யாணத்துக்கு முன்னால் நைனா ஒருமுறை அவிழ்த்திருக்கிறார். அவிழ்த்த மறு நிமிடம் அந்த மாடு திரும்பி அவரைத் தூக்கி எறிந்தது. தொடை எலும்பு போனது. புத்தூர்க் கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்துவிட்டது என்றாலும் அதன் பிறகு அவர் நடந்தது வாத்து நடைதான். ஆகையால் எங்கள் நைனா ஓடி நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருடைய ஓட்டம் முழுக்க அவர் வாயில் இருந்தது. அங்கே அது வருடத்துக்கு வருடம் வேகம் கூடிக்கொண்டே போனது.

"என் வெத, எம் புள்ளைங்க காலுல கீது" என்பார்.

"வெத வெதன்னு சொல்லிக்கினு கெடக்காத. வெதயத் தூக்கிப் பாறையில போட்டா இன்னா மொளைக்கும்? எல்லாம் நான் கிண்டிப் போடுற களி" என்பாள் அம்மா.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கம் போகும் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கிராமம் கிராமமாகப் பார்த்துப் பிரிப்பார்கள் என்று பேச்சு. டீக்கடையில் இரண்டு கட்சி உட்கார்ந்தது. நாம் பேசுவது தமிழ், அதனால் மெட்ராஸ் என்றது ஒன்று. நம் சந்தை இங்கே, கோர்ட்டு இங்கே, வயலுக்கு வரும் தண்ணீர் இங்கே, அதனால் ஆந்திரா என்றது இன்னொன்று. கொஞ்சம் யோசித்தால் இதுவும் எங்கள் வீட்டு விதை தீனிச் சண்டைதான், ஆட்கள் மட்டும் அதிகம். நைனா எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அண்ணன் புத்தூர் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். என்னைவிட ஒரு வயதுதான் பெரியவன். உயரமும் உடம்பும் எங்கள் இருவருக்கும் ஒன்று. பின்னால் இருந்து பார்த்தால் ஜடையை வைத்துத்தான் அடையாளம் தெரியும். பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் அவன் முதலாவதாக வந்துவிட்டான். ஆடி மாதம் திருப்பதியில் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து நடத்தும் போட்டியில் ஒரு மைல் ஓட அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நைனா அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய், என் விதை பேசிவிட்டது என்றார். எதிர்க்கட்சி விடவில்லை. பையன் படிப்பது ஆந்திரா ஸ்கூல், தின்பது ஆந்திராக் கேழ்வரகு, இதில் உன் விதை எங்கே வந்தது என்று கேட்டார்கள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திருப்பதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சபதம் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து அண்ணனைக் காளையாக வளர்க்க ஆரம்பித்தார்.

இதை விளக்க வேண்டும். திருவிழாவில் விடுகிற காளையை ஏரில் பூட்ட மாட்டார்கள். வண்டி இழுக்க விட மாட்டார்கள். கழுத்தில் நுகம் படாமல், வேளாவேளைக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வைத்து, நிழலில் கட்டி, தேய்த்துக் குளிப்பாட்டி வைத்திருப்பார்கள். வலுவெல்லாம் உள்ளேயே சேர்ந்து கிடந்து, அவிழ்த்துவிட்ட அன்றைக்குப் பீறிட்டுக்கொண்டு வரும் என்பது கணக்கு. நைனா அதே கணக்கை அண்ணனுக்குப் போட்டார். மண்வெட்டியைத் தொடக் கூடாது. மாட்டுக்குப் புல் அறுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு நடக்கவே கூடாது. புத்தூர்ச் சந்தைக்குப் போகிற பக்கத்து வீட்டு வண்டியில் கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போக வேண்டும். காலையில் இரண்டு முட்டை, முளைகட்டிய கொள்ளு, எள்ளுருண்டை. பருத்திக்கொட்டை மட்டும்தான் பாக்கி. அதையும் ஒரு நாள் அரைத்துப் பால் எடுத்துக் கொடுத்தார்கள்.

"ஓடிப் பழக வேணாமா நைனா?" என்று அண்ணன் ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"காள ஓடிப் பழவுதாடா? அவுத்து வுட்டா ஓடுது" என்றார் நைனா.

அண்ணனுக்கு அழுகை வந்தது. உண்மையில் அவனுக்குப் பிடித்தது மாடு, ஏர், கிணற்றடி இவ்வளவுதான். படிப்பு அவனுக்கு ஏறவில்லை, ஏற வேண்டும் என்ற கவலையும் இல்லை. கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவிலிருந்து இறங்குகிற அவனைப் பார்த்துப் பள்ளிக்கூடமே கைதட்டியது.

எனக்கோ தலைகீழான வியாதி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முடித்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். சித்தூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, ஹாஸ்டலும் உண்டு, இவள் நன்றாகப் படிப்பாள், அனுப்புங்கள் என்று எங்கள் டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். நைனா கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, "இவ போயிட்டா கூழு யாரு கொண்டாருவா?" என்று கேட்டார். டீச்சர் எழுந்து போய்விட்டார். நான் அன்று முழுவதும் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சித்தூர்ப் பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அதற்காக எதையும் செய்வேன் என்று இருந்தது.

கூழ் விஷயம் இது. நைனாவும் அம்மாவும் விடியற்காலையே வயலுக்குப் போய்விடுவார்கள். நைனா கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார். மாடுகள் சரிவில் இறங்கி இறங்கி ஏற, தோல் சாலில் தண்ணீர் மேலே வரும். நடுவில் விட்டுவிட்டு வர முடியாத வேலை. அம்மா தூரத்துப் பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பாள். வெயில் ஏறும்போது நான் தலையில் துணியைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் கூழ்ப்பானையைத் தூக்கிக்கொண்டு, ஏரிக்கரை முழுதும் நடந்து, வயல் ஓரத்துப் புங்கமரத்தடியில் வைத்துவிட்டு, "நைனோவ்!" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

ஒரு நாள் காலை அண்ணன் முட்டைகளுக்கு முன்னால் கைதி மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மே, இந்த முட்டைய நீ துன்றியா?" என்றான்.

"நைனா கொன்னுடுவாரு."

"நீ துன்னு. நானு அந்தப் பானையத் தூக்கிக்கினு போறேன். கவலையாண்ட போய் மாட்டப் பாத்து எத்தினி நாளு ஆவுது தெரியுமா?"

"உன்னப் பாத்தா நைனா வுடுவாரா?"

அவன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பாவாடையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அதற்குமேல் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை.

பாவாடை, மேலே அம்மாவின் பழைய சேலைத் துணியால் முக்காடு, அதன்மேல் சும்மாடு, அதன்மேல் பானை. ஜடைப் பிரச்சினை முக்காட்டில் முடிந்துவிட்டது. வாசலில் நின்று இரண்டு அடி நடந்து காட்டினான். இடுப்பை எதற்கு அப்படி ஆட்டுகிறாய் என்று கேட்டேன், நீ அப்படித்தான் நடக்கிறாய் என்றான். அவன் போனதும் நான் முட்டையை உரித்துக்கொண்டு அவனுடைய சரித்திரப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காலைப்பொழுது வந்ததில்லை.

அவன் நடந்து போயிருந்தால் கதை வேறு. நடக்க நேரம் இல்லை. கத்தரிக்காய் வண்டி புறப்படுவதற்குள் திரும்பி வந்து, பாவாடையை அவிழ்த்து, கால் கழுவி, காளை வேடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஆகவே ஓடினான். தலையில் நிறைகூழ், சிந்தினால் அம்மா கேட்பாள். ஆகவே தலை அசையாமல் ஓடினான். பாவாடை தடுக்கும், ஆகவே கீழே பார்க்காமலேயே கால் எடுத்து வைக்கப் பழகினான். மரத்தடியில் என் குரலில் ஒரு நைனோவ் போட்டுவிட்டுத் திரும்பும்போது, பானை இல்லாததால் இன்னும் வேகம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நைனா என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாமே இன்னிக்கி அப்டி ஓடுன? நின்னு ஒரு வார்த்த பேசக்கூடாது?"

"வூட்ல வேல இருந்துச்சி நைனா."

அவர் அம்மாவிடம் திரும்பி, "பாத்தியா, தலையில பானைய வெச்சிக்கினு இன்னா ஓட்டம்! வெத எங்க போயி வுழுந்து கீது பாரு" என்று பெருமூச்சு விட்டார். அண்ணனுக்குக் களி தொண்டையில் மாட்டிக்கொண்டது. நான் அவன் முதுகில் ஓங்கி இரண்டு குத்துக் குத்தினேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

அதற்குப் பிறகு தினமும் அதேதான். அவன் என் வேலையைச் செய்தான், நான் அவன் தீனியைத் தின்றேன். வீட்டுப் பாடத்தையும் நானே எழுதினேன். ஒரே விதை, ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒன்று இளைத்து இறுகி, கால் சதையில் கயிறு மாதிரி நரம்பு தெரிய வந்தது. இன்னொன்றுக்குக் கன்னம் உப்பி, ரவிக்கைக்குத் தையல் பிரித்துவிட வேண்டி வந்தது. வயசுக்கு வரப்போகிற உடம்பு என்று அம்மா சமாதானம் செய்துகொண்டாள். அண்ணன் இளைத்ததைப் பார்த்து நைனா, கொழுப்பெல்லாம் வலுவாக மாறுகிறது என்று சந்தோஷப்பட்டு முட்டையைக் கூட்டினார். அந்தக் கூடுதல் முட்டையும் என்னிடம்தான் வந்தது.

ஒரு நாள் ஆபத்து வந்தது. டீக்கடை எதிர்க்கட்சி ஆள் ஒருவர் ஏரிக்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் வந்திருக்கிறார். "யாரு மே அது? உன் நைனா வயல்ல கீறாரா? நில்லு, நானும் வரேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். திரும்பினால் மீசை அரும்பு தெரிந்துவிடும். சபதம் போட்டவரின் காளை பாவாடை கட்டிக்கொண்டு கூழ் சுமக்கிறது என்று அன்றைக்கே ஊர் சிரித்துவிடும். அண்ணன் பறந்தான். அந்த ஆள் சைக்கிளில் ஏறி மிதித்தும் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து பின்னால் செருப்புச் சத்தம், மூச்சுச் சத்தம் எது கேட்டாலும் அவன் கால்கள் அவனைக் கேட்காமலே கிளம்பிவிடும். வீட்டுக்குள் நான் பின்னால் போய் இருமினாலே கொல்லைக்கு ஓடிவிடுவான். நான் வேண்டுமென்றே இருமுவேன்.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது நைனா குண்டைப் போட்டார். பையன் ஜெயித்தால் திருப்பதியிலேயே ஹாஸ்டலில் போட்டுப் பெரிய படிப்புப் படிக்கவைப்பேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டாராம். அண்ணன் முகம் செத்துவிட்டது. மாடு கிடையாது, கவலை கிடையாது, எனக்குப் பதில் அவனுக்குப் பாடம் எழுத அங்கே ஆளும் கிடையாது.

நான்தான் வழி சொன்னேன். "தோத்துடு. கடைசியா வா. இத்தினி தீனியும் வீணாப் போச்சின்னு நைனா உன்ன ஏர்ல பூட்டிடுவாரு. கூழு கொண்டார நீ கீற. அப்பறம் என்ன சித்தூருக்கு அனுப்ப மாட்டேன்னு எப்டி சொல்லுவாரு?"

அவன் நிறைய யோசிக்கவில்லை. என் உச்சந்தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். இனி என் சித்தூர் அவன் தோற்பதில் இருந்தது.

அம்மாவை மாட்டுக்குக் காவல் வைத்துவிட்டு நைனா எங்கள் இருவரையும் ரயிலேற்றினார். நான் எதற்கென்றால், காளைக்குத் தீனிமூட்டை தூக்க. ரேணிகுண்டாவில் இறங்கி வண்டி மாறித் திருப்பதி போனோம். போட்டி மத்தியானம்தான் என்பதால் முதலில் திருச்சானூர் கோயிலுக்குப் போய்த் தாயாரைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். பையன் ஜெயிக்க வேண்டும் என்று நைனா சத்தமாக வேண்டினார். அவன் தோற்க வேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டினேன். அண்ணன் என்ன வேண்டினான் என்று கேட்டேன். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வேண்டினானாம். அன்றைக்குத் தாயாருக்குத் தலைவலி வந்திருக்கும்.

மைதானத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்துப் பையன்களும் வரிசையாக நின்றார்கள். நாலு சுற்று. விசில் ஊதினார்கள். அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். முதல் சுற்றில் கடைசிக்கு ஒன்று முந்தி, சந்தைக்குப் போகிறவன் மாதிரி வந்தான். என்னைத் தாண்டும்போது பார்த்துச் சிரித்தான். இரண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவது சுற்றில் நைனா துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும் என் மனம் சித்தூர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கும் பின்னால் ஒரே ஒருவன் வந்துகொண்டிருந்தான். கொஞ்சம் பருத்த பையன், அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றின் தொடக்கத்தில், கடைசியாக வருவது அவனுக்கே அவமானமாகிவிட்டதோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனை நெருங்கினான். நெருங்கி, புஸ் புஸ் என்று அண்ணன் பிடரியில் மூச்சு விட்டான்.

அவ்வளவுதான்.

அண்ணன் கிளம்பிய வேகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தலை அசையவில்லை. கழுத்துக்கு மேலே ஒருவன் நிற்கிறான், கீழே வேறு ஒருவன் பறக்கிறான். ஒருவனைத் தாண்டினான், மூன்று பேரைத் தாண்டினான். டேய் வேண்டாம்டா, நில்லுடா என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். வெளியே என் வாயிலிருந்து வந்தது, "ஓடு அண்ணா! வுடாத அண்ணா!" என்றுதான். என் சித்தூரை அவன் காலால் மிதித்துக்கொண்டு போகிறான் என்று தெரிந்தே தொண்டை கிழியக் கத்தினேன். அவ்வளவு அழகாக ஒருவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. முன்னால் வந்துகொண்டிருந்தவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அண்ணன் கயிற்றைத் தாண்டி, நிற்காமல் இன்னும் பாதிச் சுற்று ஓடினான்.

நைனா அழுதார். வாத்து நடையில் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். போட்டி நடத்திய தெலுங்கு டிரில் மாஸ்டர் அண்ணனைச் சுற்றிச் சுற்றி வந்தார். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டார். நைனா நெஞ்சை நிமிர்த்தி, கால் தரையில் படாமல் வளர்த்த காளை ஐயா இது என்று ஆரம்பித்தார். மாஸ்டர் கேட்டுக்கொண்டே அண்ணனின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். தோல் மாட்டுக் குளம்பு மாதிரி இருந்தது. பிறகு வியர்வையில் ஒட்டிக்கிடந்த தலைமயிரை விலக்கி உச்சந்தலையைத் தடவினார். சும்மாடு உட்கார்ந்த இடத்தில் மயிர் தேய்ந்து வட்டமாகத் தெரிந்தது.

"ஏமய்யா, மீவாடு தலமீத பருவு மோஸ்தாடா?"

தலையில் சுமை தூக்குகிற பையனா என்று கேட்கிறார். நைனா சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவர் கண் அந்த வட்டத்தில் நின்றது. அங்கிருந்து மெல்ல நகர்ந்து என் தலைக்கு வந்தது. எண்ணெய் மினுக்கும் அடர்ந்த மயிர். தலையிலிருந்து கன்னத்துக்கு வந்தது. கன்னத்திலிருந்து தையல் பிரித்துவிட்ட ரவிக்கைக்கு வந்தது. நான் தீனிமூட்டைக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். மூட்டை சிறியது.

"அவுனு சார். தினமும் மோஸ்தாடு" என்றார் நைனா, கண்ணை என் மேலிருந்து எடுக்காமல். "அதே மா ட்ரைனிங்." ஆமாம், தினமும் சுமக்கிறான், அதுதான் எங்கள் பயிற்சியாம். மாஸ்டர் கை குலுக்கினார்.

உடனே ரயிலேறினோம். புத்தூரில் இறங்கி நடந்தோம். ஏரிக்கரை வந்ததும் நின்றார். வெயில் தாழ்ந்திருந்தது. கரையில் வேறு யாரும் இல்லை.

"கூழு கொண்டாந்தது யாரு?"

"நானு நைனா" என்றான் அண்ணன்.

"பாவாட?"

"என்னுது" என்றேன் நான்.

"முட்ட?"

"நான்தான் துன்னேன்."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. என்னைப் பார்த்து, "நீ ஓடுறேன்னு நெனச்சிக்கினு எத்தினி நாளு கவலைய நிறுத்திட்டுப் பாத்துக்கினு நின்னேன் தெரியுமா? பொட்டப் புள்ளையாப் பொறந்து இந்தக் காலு வீணாப் போவுதேன்னு மனசுக்குள்ளயே வெச்சிக்கினு இருந்தேனே" என்றார். எனக்கு அதுவரை வராத வெட்கம் அப்போது வந்தது. அந்த ஒரு நிமிடம், நிஜமாகவே அது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் தோற்பதாகச் சத்தியம் செய்தது, அவன் கூழ் சுமப்பது, நான் சித்தூர் போவது, ஒன்றையும் விடவில்லை.

நைனா அண்ணனிடம் திரும்பினார். "அப்பறம் ஏண்டா தோக்கல?"

"பின்னால ஒருத்தன் மூச்சு வுட்டுக்கினு வந்தான் நைனா. நானு இன்னா பண்ணட்டும், காலு போயிடுச்சி."

நைனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அடங்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். விதையா தீனியா என்ற கேள்வி அவர் மனதில் அந்தக் கரையிலேயே செத்துப்போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் வீட்டில் எடுக்கவே இல்லை.

அப்போது கரையின் மறுமுனையில் மேளச் சத்தம் கேட்டது. புத்தூர் ஹைஸ்கூலுக்கு வந்த தந்தி வழியாகச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. டீக்கடையின் இரண்டு கட்சியும் மாலையோடு வந்துகொண்டிருந்தன. நைனாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏய், ரெண்டு பேரும் ஒண்ணா நிக்காதீங்க. பக்கத்துல பக்கத்துல நின்னா குருடனுக்கும் தெரிஞ்சிடும்டா, தீனி எங்க போச்சி, வேல எங்க போச்சின்னு!"

அண்ணனை முன்னால் தள்ளினார். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்படியே திரும்பாமல் பேசினார்.

"நீ சித்தூருக்குப் போயிடு."

"அப்போ திருப்பதி ஹாஸ்டலு?"

"வேல செஞ்சாதான் ஓடுது அந்த மாடு. அத்த அங்க உக்காத்தி வெச்சி இன்னா பண்றது? அவன் இங்கியே ஏர் ஓட்டட்டும்."

"கூழு?"

"அவனே கொண்டாரட்டும். பாவாட இல்லாத."

ஊர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கத்தான் என்னைப் படிக்க அனுப்புகிறார் என்று அப்போதே புரிந்தது. புரிந்தும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி ஓவென்று அழுதுவிட்டேன். வீட்டை விட்டுப் போகிற துக்கத்தில் அழுகிறேன் என்று நைனா நினைத்துக்கொண்டார். மேளம் நெருங்கி வர, கையைப் பின்னால் நீட்டித் தடவித் தேடி என் தலையில் வைத்தார்.

"அழுவாத. லீவுக்கு வருவ இல்ல? வரும்போது கொஞ்சம் எளச்சிக்கினு வா."